‘புட்’ எங்கே, ‘மேக்’ எங்கே: அலுவலக ஆங்கிலத்தில் வினை பிசகினால் பார்க்க வேண்டியவை

பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு சப்போர்ட் குழுவில் இருக்கிறேன். வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்குப் போகும் மெயில்களை அனுப்புவதற்கு முன் ஒரு தடவை படித்துப் பார்ப்பது என் வேலைகளில் ஒன்று. குழுவில் பாதிப் பேர் தமிழ்ப் பிள்ளைகள். தர்மபுரி, சேலம், திருநெல்வேலி என்று வந்து பி.டி.எம். லேஅவுட் பி.ஜி.க்களில் தங்கியிருப்பவர்கள், ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி தாண்டித் தினமும் வண்டியில் வந்துபோகிறவர்களும் உண்டு. இலக்கணம் யாருக்கும் மோசமில்லை. காலம், ஒருமை, பன்மை எல்லாம் ஒழுங்காகவே இருக்கும். எந்தப் பெயர்ச்சொல்லோடு எந்த வினை சேரும், எந்த வினைக்குப் பின்னால் எந்த அடைமொழி வரும் என்பதில்தான் பிசகும். அதிலும் புதுப் பிழைகள் அபூர்வம். வந்ததே திரும்பத் திரும்ப வரும். அதனால் அறிகுறி வாரியாகப் பிரித்து எழுதியிருக்கிறேன். உங்களுக்கு எது பொருந்துகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போய்விடலாம்.

## கை வைப்பதற்கு முன்

யார் படிக்கப் போகிறார்கள் என்று முதலில் பாருங்கள். படிப்பவர் நம் ஊர்க்காரர் என்றால் பெரும்பாலானவற்றை அப்படியே விட்டுவிடலாம். ‘டூ ஒன் திங்’ என்று ஆரம்பித்தால் பெங்களூரில் புரியாதவர் இல்லை. ‘ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி’ (கொஞ்சம் அனுசரித்துப் போங்கள்) என்று ஓடுகிற ஊரில் ஆட்டோக்காரரிடம் ‘புட் மீட்டர்’ என்று சொல்வதைத் திருத்துவது வெட்டி வேலை. கன்னடத்திலும் ‘மீட்டர் ஹாகி’தான், நம் ‘மீட்டர் போடுங்க’தான். படிப்பவர் பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ இருந்தால் கீழே உள்ளவை வேண்டும்.

அப்புறம், வாக்கியத்தில் பெயர்ச்சொல் எது என்று பாருங்கள். வினையை வைத்துத் தேடினால் முடிவே கிடைக்காது. ‘மேக்’ என்ற ஒரு சொல்லுக்கே அகராதியில் பக்கம் பக்கமாக இருக்கும். பெயரை வைத்துத் தேடினால் அதோடு சேரும் வினைகள் மூன்றோ நான்கோதான் இருக்கும். ஆக்ஸ்ஃபோர்டு கொலோகேஷன்ஸ் (சொற்சேர்க்கை) அகராதியில் ‘மிஸ்டேக்’ என்ற சொல்லை எடுத்தால் அதோடு வரும் வினைகள் தனியாக, அடைமொழிகள் தனியாக இருக்கும்.

அகராதி கையில் இல்லையா? ஒரு சொற்றொடர் புத்தகங்களில் எவ்வளவு வருகிறது என்று கோடு போட்டுக் காட்டும் கூகுள் புக்ஸ் என்கிராம் வியூவரில் இரண்டு சொற்றொடர்களை நடுவில் கமா போட்டுக் கொடுங்கள்: ‘மேட் எ மிஸ்டேக்’, ‘டிட் எ மிஸ்டேக்’. ஒரு கோடு மேலே போகும், இன்னொன்று தரையோடு ஒட்டிக் கிடக்கும். வினையின் இடத்தில் நட்சத்திரக் குறி போட்டால், அந்த இடத்தில் அதிகம் வரும் பத்துச் சொற்களை அதுவே காட்டும். பிரிட்டிஷ், அமெரிக்க ஆங்கிலங்களைத் தனித்தனியாகவும் பார்க்கலாம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: அது புத்தகங்களைத்தான் எண்ணுகிறது. பேச்சில் மட்டும் புழங்குவது அதில் குறைவாகத்தான் தெரியும்.

## அறிகுறி: வாக்கியம் சுத்தமாக இருக்கிறது, பொருள் வேறாகப் போய்ச் சேர்கிறது

அவசரமானது இதுதான். மற்றவற்றில் ஆங்கிலம் கொஞ்சம் கரடுமுரடாகத் தெரியும், அவ்வளவுதான். இங்கே இலக்கணப்படி எல்லாம் சரியாக இருக்கும். படிப்பவர் வேறொன்றைப் புரிந்துகொண்டு போய்விடுவார். இலக்கணம் பார்க்கும் செயலிகளும் இதைக் கோட்டை விட்டுவிடும், ஏனென்றால் அவற்றின் கண்ணுக்கு இங்கே பிழையே இல்லை.

வினையை அடுத்து ‘லி’ ஒட்டியிருக்கிறதா? அப்ரைசல் படிவத்தில் ‘ஐ வொர்க்ட் ஹார்ட்லி’ என்று வருடா வருடம் யாராவது ஒருவர் எழுதுவார். கடுமையாக உழைத்தேன் என்று சொல்ல வந்தவர், வேலையே பார்க்கவில்லை என்ற அர்த்தத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கிறார். ‘வொர்க்ட் ஹார்ட்’ போதும்.

கொடுப்பவர் யார், வாங்குபவர் யார்? நாம் இன்டர்வியூ கொடுக்கிறோம், மேனேஜர் இன்டர்வியூ எடுக்கிறார். ‘ஐ வில் கிவ் அன் இன்டர்வியூ ஆன் மண்டே’ என்று எழுதினால், வெளிநாட்டில் படிப்பவருக்குப் பத்திரிகைக்குப் பேட்டி கொடுக்கும் நட்சத்திரம்தான் நினைவுக்கு வருவார். வேலை தேடுபவர் ‘ஐ ஹேவ் அன் இன்டர்வியூ’ என்றால் சரி. எதிர் நாற்காலியில் இருப்பவர் ‘ஐ இன்டர்வியூட் ஹிம்’.

பரீட்சையிலும் இதே கதை. ஹிந்தி பேசும் நண்பர்கள் ‘கிவ் அன் எக்ஸாம்’ என்பார்கள். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ‘கிவ்’ ஆசிரியருக்கு உரியது, மாணவருக்கு ‘டேக்’. நாம் சொல்லும் ‘ரைட் அன் எக்ஸாம்’ அவ்வளவு ஆபத்தில்லை. கனடாவில் சாதாரணமாகவே அப்படிச் சொல்கிறார்கள்.

இதில் ரெஸ்யூமேயில் உண்மையிலேயே நஷ்டம் தரக்கூடியது ‘டேக் கிளாஸ்’. பைத்தான் வகுப்பு எடுக்கிற ஒருவர் ‘ஐ டேக் பைத்தான் கிளாசஸ்’ என்று எழுதியிருந்தார். அமெரிக்கர் இதைப் படித்தால் இவர் பைத்தான் கற்றுக்கொண்டிருக்கிறார் என்றே நினைப்பார். ‘டீச்’ என்று ஒரே சொல்லை மாற்றியதும் மாணவர் ஆசிரியராகிவிட்டார்.

‘விட்டுட்டேன்’ எல்லாம் ‘லெஃப்ட்’ ஆகிறதா? பஸ்ஸை விட்டவர் ‘மிஸ்ட் தி பஸ்’ என்று எழுத வேண்டும். ‘லெஃப்ட் தி பஸ்’ என்றால் ஏறிப் பயணம் செய்து இறங்கிப் போனதாகப் பொருள். தாமதத்துக்குக் காரணம் சொல்லும் மெயிலில் இது காரணத்தையே அடித்துவிடும்.

இதே வரிசையில் இன்னும் இரண்டு. ‘ஐ பாஸ்ட் அவுட் இன் 2019’ என்றால் அங்கே மயங்கி விழுந்ததாக அர்த்தம், ‘கிராஜுவேட்டட்’ போடுங்கள். ‘ஐ ஹேவ் எ டவுட் அபவுட் யுவர் டிசைன்’ என்றால் உங்கள் டிசைனில் எனக்கு நம்பிக்கையில்லை என்று கேட்கும். கேட்க வந்தது சந்தேகம்தான் என்றால் ‘கொஸ்டியன்’.

மெயில் ஏற்கெனவே போய்விட்டதா? இங்கிலீஷுக்கு மன்னிப்புக் கேட்டுப் பத்தி எழுத வேண்டாம். சரியான வாக்கியத்தை ஒரே வரியில் அனுப்பினால் போதும்.

## அறிகுறி: எல்லா இடத்திலும் ‘டூ’ வருகிறது

தமிழில் ‘பண்ணு’ எதையும் தாங்கும். கன்னட ‘மாடு’, ஹிந்தி ‘கர்னா’ இரண்டும் அப்படியே. பெங்களூர் அலுவலகத்தில் சுற்றியிருக்கும் அத்தனை பேரும் அதே பழக்கத்தில் இருப்பதால் ‘டிட் எ மிஸ்டேக்’ யார் காதையும் உறுத்துவதில்லை. அதனாலேயே இது மாட்டாமல் வெளியே போய்விடுகிறது.

முதல் சோதனை, செலவே இல்லாதது: ‘பண்ணு’வை எடுத்துவிட்டுப் பாருங்கள். மிச்சம் இருப்பது தானே ஆங்கில வினையாக நிற்குமா? டிஸ்கஸ் பண்ணு, செக் பண்ணு, கால் பண்ணு, அப்டேட் பண்ணு, ரிப்ளை பண்ணு. இதெல்லாம் நிற்கும். ‘வி டிட் டிஸ்கஷன்’ வேண்டாம், ‘வி டிஸ்கஸ்ட் இட்’ போதும். பாதிப் பிழைகள் இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும்.

மிச்சம் பெயராக மட்டும் நிற்கிறதா? அப்போது வினை தேட வேண்டும். மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள்.

செய்து முடித்தபின் முன்பு இல்லாத ஒன்று இருக்கிறதா? அப்படியானால் பெரும்பாலும் ‘மேக்’. தப்பு, திட்டம், பட்டியல், சத்தம், வாக்குறுதி, முன்னேற்றம், நண்பர்கள். ‘மேக் எ மிஸ்டேக், மேக் எ பிளான், மேக் எ நாய்ஸ், மேக் ஃப்ரெண்ட்ஸ்’.

ஏற்கெனவே காத்திருக்கும் வேலையை முடிக்கிறோமா? ‘டூ’. ஹோம்வொர்க், துணி துவைப்பது, பாத்திரம் கழுவுவது, ஒரு கோர்ஸ்.

நாலு பேர் கூடி நடக்கிறதா, அல்லது நமக்கு நேர்கிறதா? ‘ஹேவ்’. பார்ட்டி, மீட்டிங், வாக்குவாதம், மதியச் சாப்பாடு, விபத்து. ‘டிட் அன் ஆக்சிடென்ட்’ என்று எழுதினால் விபத்தை நீங்களே திட்டமிட்டு நடத்திய மாதிரி இருக்கும். ‘ஹேட் அன் ஆக்சிடென்ட்’.

மூன்றிலும் அடங்காதவை: ‘டூ மி எ ஃபேவர்’, ‘டூ டேமேஜ்’, ‘மேக் தி பெட்’. இவற்றுக்குக் காரணம் தேடாமல் மனப்பாடம் செய்துவிடுவதே மலிவு. கல்யாணம் ‘டிட் மேரேஜ்’ இல்லை, ‘காட் மேரீட்’.

முடிவெடுப்பது பற்றி அடிக்கடி சண்டை வரும். ‘மேக் எ டிசிஷன்’ எங்கும் செல்லும். ‘டேக் எ டிசிஷன்’ பிரிட்டிஷ் ஆங்கிலத்திலும் உண்டு. யாராவது அதைத் தப்பு என்று சிவப்பு மையில் சுழித்தால், என்கிராமில் பிரிட்டிஷ் பக்கத்தைத் திறந்து காட்டலாம். ‘டூ தி நீட்ஃபுல்’ (தேவையானதைச் செய்யவும்) வேறு கணக்கு. பழைய பிரிட்டிஷ் அலுவலக ஆங்கிலம் அது. அங்கே வழக்கொழிந்து இங்கே மட்டும் உட்கார்ந்திருக்கிறது. எனக்கு அதன்மேல் கோபம் இல்லை. ஆனால் எதைச் செய்ய வேண்டும் என்று அந்த வாக்கியம் சொல்வதே இல்லையே, அதற்காகவே அடித்துவிடுகிறேன்.

## அறிகுறி: கையெழுத்து, லீவு, ஊசி, சண்டை எல்லாம் ‘புட்’

சோதனை: ஒரு பொருளைக் கையால் எடுத்து இன்னொன்றின் மேலேயோ உள்ளேயோ வைக்கிறீர்களா? குழம்பில் உப்பு, பெட்டியில் துணி, கணக்கில் பணம் என்றால் ‘புட்’ சரி. சட்டை, கண்ணாடி, செருப்புக்கும் சரி, ஆனால் ‘ஆன்’ கூட வர வேண்டும். கை எதையும் நகர்த்தவில்லை என்றால் ‘புட்’டைச் சந்தேகப்படுங்கள்.

விளக்கு, ஃபேன்: ‘ஸ்விட்ச் ஆன்’ அல்லது ‘டர்ன் ஆன்’. ‘புட் ஆன் தி லைட்’ என்றும் சொல்லலாம். நாம் எழுதும்போது நடுவில் ‘ஆன்’ விழுந்துவிடுகிறது, அதுதான் கோளாறு. ‘ஆஃப் தி ஃபேன்’ என்று ‘ஆஃப்’பையே வினையாக்குவதும் இந்தக் குடும்பம்தான்.

கையெழுத்துக்கு வினையும் பெயரும் சேர்ந்து ‘சைன்’ என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடும். சண்டைக்கு ‘ஹேட் எ ஃபைட்’, டீக்கு ‘மேக்’, கேஸுக்கு ‘ஃபைல்’, குட்டித் தூக்கத்துக்கு ‘டேக் எ நாப்’. ஊசி போடுகிற நர்சுக்கு ‘கிவ்’; போட்டுக்கொண்டவருக்கு ‘காட்’ அல்லது ‘ஹேட்’. தமிழில் ‘கொள்’ சேர்த்துக் காட்டுகிற வித்தியாசத்தை ஆங்கிலம் வேறு வினை போட்டுக் காட்டுகிறது.

லீவுக்கு மூன்று நிலை இருக்கிறது, மூன்றையும் கலக்கக் கூடாது. கேட்கும்போது ‘அப்ளை ஃபார் லீவ்’, எடுக்கும்போது ‘டேக் லீவ்’ அல்லது ‘டேக் எ டே ஆஃப்’, எடுத்துவிட்டு வீட்டில் இருக்கும்போது ‘ஐ ஆம் ஆன் லீவ்’.

‘அடி’ பற்றி யாரும் கேட்பதில்லை. பெயின்ட் அடிக்கிறோம், ஜெராக்ஸ் அடிக்கிறோம், சைட் அடிக்கிறோம். ஆனால் ‘ஹிட் எ ஜெராக்ஸ்’ என்று எழுதியவரை இதுவரை நான் பார்க்கவில்லை. ‘போடு’வுக்கு வராத எச்சரிக்கை உணர்வு ‘அடி’க்கு மட்டும் எப்படி வருகிறதோ.

## அறிகுறி: காய்ச்சல், கோபம், தூக்கம், கரண்ட் எல்லாம் ‘கம்’

‘ஃபீவர் இஸ் கமிங் ஃபார் மி’. கிளினிக்கில் நம் டாக்டரிடம் சொன்னால் மாத்திரை கிடைத்துவிடும். மெயிலில் சரிப்படாது.

சோதனை: தமிழ் வாக்கியம் ‘எனக்கு’ என்று தொடங்குகிறதா? ஆங்கிலத்தை ‘ஐ’ என்று தொடங்குங்கள். வாக்கியத்தையே திருப்பிப் போட வேண்டியிருக்கும்; வினையை மட்டும் மாற்றினால் ஆகாது. பிறகு வினை:

இப்போது இருக்கிற நோய் என்றால் ‘ஹேவ்’: ‘ஐ ஹேவ் எ ஃபீவர்’, ‘ஐ ஹேவ் எ ஹெட்டேக்’. அப்போதுதான் தொடங்குகிறது என்றால் ‘கெட்’: ‘ஐ ஆம் கெட்டிங் ஆங்க்ரி’. உடம்போ மனமோ உணர்வது என்றால் ‘ஃபீல்’: தூக்கம் வந்தால் ‘ஐ ஃபீல் ஸ்லீப்பி’. வாந்தி வருகிற மாதிரி இருந்தால் ‘ஐ ஃபீல் சிக்’. டாக்டரிடம் ‘காட்டுவது’ம் மாறும்: ‘ஷோ’ இல்லை, ‘சீ எ டாக்டர்’. மாத்திரைக்கு ‘ஈட்’ வேண்டாம், ‘டேக்’.

சளிக்கு மட்டும் நாமும் அவர்களும் ஒரே வினை வைத்திருக்கிறோம். சளி பிடிக்கிறது, ‘கேட்ச் எ கோல்ட்’. பஸ் பிடிக்கிறோம், ‘கேட்ச் எ பஸ்’. தீப்பிடிக்கிறது, ‘கேட்ச் ஃபயர்’. யார் யாரைப் பிடிக்கிறார்கள் என்பதில்தான் குழப்பம். தமிழில் சளி நம்மைப் பிடிக்கும், ஆங்கிலத்தில் நாம்தான் சளியைப் பிடிக்கிறோம். தீயும் அப்படியே: ‘தி பில்டிங் காட் ஃபயர்’ என்ற இடத்தில் ‘காட்’ என்பது ‘கேட்ச்’சின் இறந்த காலம், தமிழ் எழுத்தில் ‘கெட்’டின் இறந்த காலமும் இதே மாதிரிதான் தெரியும், ஆங்கிலத்தில் எழுதும்போது எழுத்தைப் பார்த்து எழுதுங்கள்.

‘எனக்கு’ இல்லாமல் வருபவை: கரண்ட் வந்தால் ‘தி பவர் இஸ் பேக்’, போனால் ‘தி பவர் வென்ட் அவுட்’. வீட்டிலிருந்து வேலை பார்க்கிற நாளில் இது அடிக்கடி தேவைப்படும். பிரச்சினை வந்தால் ‘வி ரான் இன்டு எ ப்ராப்ளம்’. சம்பளம் வந்தால் ‘காட் பெய்ட்’.

## அறிகுறி: எந்த மாற்றத்துக்கும் ‘பிகேம்’

‘தி மில்க் பிகேம் பேட்’, ‘ஹி பிகேம் மிஸ்ஸிங்’, ‘தி சிக்னல் பிகேம் கிரீன்’. புரியும். ஆனால் யாரும் அப்படிச் சொல்வதில்லை. வினைக்குப் பின்னால் அடைமொழி வருகிற இடம் இது. பலர் திணறுகிற இடமும் இதுதான். நமக்குத் தமிழே இங்கே கைகொடுக்கும் என்பதைக் கவனித்தவர்கள் குறைவு.

கெட்டது நடந்திருக்கிறதா? தமிழில் சொல்லிப் பாருங்கள். கடைசியில் ‘போச்சு’ வருகிறதா? பால் கெட்டுப்போச்சு: ‘வென்ட் பேட்’ அல்லது ‘வென்ட் ஆஃப்’. பர்ஸ் காணாமல் போச்சு: ‘வென்ட் மிஸ்ஸிங்’. முடி நரைச்சுப்போச்சு: ‘வென்ட் கிரே’. கம்பெனி திவாலாகிப்போச்சு: ‘வென்ட் பேங்க்ரப்ட்’. எல்லாம் தப்பாப் போச்சு: ‘வென்ட் ராங்’. கண் தெரியாமல் போவது, காது கேட்காமல் போவது, தலை வழுக்கையாகிப் போவது, புத்தி பேதலித்துப் போவது எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்திலும் ‘கோ’தான். இவ்வளவு ஒட்டிப்போகிற இடத்தில் ‘பிகேம்’ போட்டு ஏன் கெடுக்க வேண்டும்?

‘போச்சு’ ஏமாற்றும் இடங்கள்: களைப்பு, நோய், வயது. களைச்சுப்போனால் ‘காட் டயர்ட்’. இளைச்சுப்போனால் ‘லாஸ்ட் வெயிட்’. நோய்க்கு ‘ஃபெல் இல்’. விழுகிற இன்னும் இரண்டு: ‘ஃபெல் அஸ்லீப்’, ‘ஃபெல் சைலன்ட்’. வயதாவதற்கு ‘க்ரோ ஓல்ட்’ அல்லது ‘கெட் ஓல்ட்’. ‘கோ டயர்ட்’, ‘கோ ஓல்ட்’ கிடையாது.

நிறமா, வயது எண்ணா? ‘டர்ன்’. சில்க் போர்டு சிக்னல் ஒருவழியாக ‘டர்ன்ட் கிரீன்’. தம்பிக்கு முப்பது ஆனால் ‘டர்ன்ட் தர்ட்டி’. நிறத்துக்கு ‘கோ’வும் ஓடும்.

நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை, அன்றாட மாற்றமா? ‘கெட்’: நனைவது, தயாராவது, தாமதமாவது, தேறுவது. ‘கெட் வெட், கெட் ரெடி, கெட் லேட், கெட் பெட்டர்’.

மாறாமல் அப்படியே இருக்கிறதா? ‘ஸ்டே’ அல்லது ‘கீப்’. ‘ஸ்டே அவேக்’, ‘கீப் கொயட்’.

பின்னால் வருவது பெயர்ச்சொல்லா? இப்போதுதான் ‘பிகம்’முக்கு வேலை. ‘ஷி பிகேம் எ மேனேஜர்’. இங்கே ‘கெட்’ போட்டால் அவருக்கு மேலே ஒரு மேனேஜர் வந்து உட்கார்ந்துவிட்டதாக அர்த்தமாகும்.

கனவு பலித்தால் ‘கேம் ட்ரூ’. இதை வைத்து நல்லதுக்கெல்லாம் ‘கம்’ என்று சிலர் விதி சொல்கிறார்கள். திருகாணி கழன்றாலும் ‘கேம் லூஸ்’தானே? அந்த விதியை நம்ப வேண்டாம்.

## அறிகுறி: மேலே உள்ளவை எல்லாம் ஒரே மெயிலில்

இரவு ஷிப்டில் இருந்த ஒரு தம்பி மான்செஸ்டருக்கு அனுப்ப வைத்திருந்த வரைவு:

‘தி சர்வர் பிகேம் டவுன் அட் டூ. வி டிட் செக்கிங். டுமாரோ வி வில் கீப் எ மீட்டிங். ஐ புட் லீவ் ஆன் ஃப்ரைடே.’

நாலு வரி. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு தமிழ் வினை கிடக்கிறது: டவுன் ஆயிடுச்சு, செக்கிங் பண்ணோம், மீட்டிங் வைக்கிறோம், லீவு போட்டிருக்கேன். இந்த மாதிரி வரைவு கைக்கு வந்தால் ஆங்கிலத்தை உற்றுப் பார்ப்பதை விட்டுவிட்டு, மனதுக்குள் தமிழில் சொல்லி, எந்த வினை எங்கிருந்து வந்தது என்று பக்கத்தில் குறித்துக்கொள்வேன். குறித்தபின் திருத்தம் தானாக வரும்:

‘தி சர்வர் வென்ட் டவுன் அட் டூ. வி ரான் எ செக். வி வில் ஹேவ் எ மீட்டிங் டுமாரோ. ஐ ஆம் ஆன் லீவ் ஆன் ஃப்ரைடே.’

சர்வர் விழுவது கெட்டது, அதனால் ‘கோ’. செக், டெஸ்ட், ஸ்கேன் போன்றவற்றுக்கு நம் துறையில் ‘ரன்’ நன்றாகச் சேரும். ‘வை’யிலிருந்து வருகிற ‘கீப்’பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: பையை மேஜையில் வைக்க ‘புட்’, பெயர் வைக்க ‘நேம்’, மீட்டிங்குக்கு ‘ஹேவ்’ அல்லது ‘ஹோல்ட்’. வாக்கு, ரகசியம், டைரி மூன்றுக்கும் ‘கீப்’ சரி.

## அறிகுறி: வினை சரி, அடைமொழி இடிக்கிறது

பெங்களூர்த் தமிழில் ‘ஹெவி’ நுழையாத இடமில்லை. ஹெவி டிராஃபிக், ஹெவி மழை, ஹெவி கோபம், ஹெவி தலைவலி. முதல் இரண்டும் ஆங்கிலத்திலும் சரி. மற்றவை இல்லை.

எழுத்துத் தமிழில் இதே வேலையைக் ‘கடும்’ செய்கிறது. அதைத் தமிழ் ஒரு சொல்லாலேயே சமாளிக்கும். ஆங்கிலம் பெயருக்குப் பெயர் ஆளை மாற்றும். கடும் காய்ச்சல் ‘ஹை ஃபீவர்’, கடும் வலி ‘சிவியர் பெயின்’, கடும் போட்டி ‘ஸ்டிஃப் காம்பெடிஷன்’, கடும் குளிர் ‘பிட்டர் கோல்ட்’, கடும் உழைப்பு ‘ஹார்ட் வொர்க்’. ‘பலத்த’வும் பிரியும்: பலத்த மழை ‘ஹெவி’, பலத்த காற்று ‘ஸ்ட்ராங்’.

எந்த அடைமொழி என்று தெரியாத நேரத்தில், நோய் நொடிக்கு ‘பேட்’ போட்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம்: பேட் கோல்ட், பேட் ஹெட்டேக், பேட் காஃப். தப்புக்கு ‘பிக்’. தர்ஷினியில் (நின்றபடி சாப்பிடும் பெங்களூர் ஓட்டல்) கேட்கிற லைட் டீ, வெளியே போனால் ‘வீக் டீ’. ஸ்ட்ராங் மட்டும் எங்கும் ஸ்ட்ராங்.

## அறிகுறி: ‘ஸ்மெல்ஸ் நைஸ்லி’

லுக், சவுண்ட், ஸ்மெல், டேஸ்ட், ஃபீல் ஆகிய ஐந்துக்கும் பின்னால் ‘லி’ வராது. ‘இட் ஸ்மெல்ஸ் நைஸ்’. வினையை எடுத்துவிட்டு ‘இஸ்’ போட்டுப் பாருங்கள். அர்த்தம் அப்படியே நின்றால் ‘லி’யை வெட்டலாம். பார்க்கிற செயலையே சொல்கிற ‘லுக்ட் கேர்ஃபுலி’ போன்றவை இந்தச் சோதனையில் தேறாது, அங்கே ‘லி’ இருக்கட்டும்.

## அறிகுறி: குட்டிச் சொல் ஒன்று குறைகிறது அல்லது கூடுகிறது

‘டிஸ்கஸ் அபவுட்’டில் ‘அபவுட்’ வேண்டாம். ‘அப்ளை லீவ்’வில் ‘ஃபார்’ வேண்டும். ‘டேக் பாத்’தில் ‘எ’ வேண்டும். ‘டோல்ட் தட்’ என்றால் யாரிடம் என்று ஓர் ஆள் நடுவில் வர வேண்டும், ஆள் இல்லையென்றால் ‘செட் தட்’. பொய், உண்மை, கதை மூன்றுக்கும் ‘டெல்’. இவற்றை இலக்கணச் செயலிகளே பிடித்துவிடும், உங்கள் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

## அறிகுறி: திருத்தியபின் இன்னும் மோசமாகிவிட்டது

இது கொஞ்சம் ஆங்கிலம் தேறியவர்களுக்கு வருவது. ‘மேக்’, ‘ஹேவ்’ எல்லாம் சின்னப்பிள்ளைத்தனமாகத் தெரிய ஆரம்பிக்கும். ‘கமிட்டட் எ மிஸ்டேக்’, ‘கன்ஸ்யூம்ட் லன்ச்’ என்று எழுதுவார்கள். ‘கமிட்’ கொலை, கொள்ளை, குற்றத்தோடு பழகிய சொல். ஒரு எக்செல் தப்புக்கு அதைக் கூப்பிட வேண்டியதில்லை. மதியச் சாப்பாட்டுக்கு ‘ஹேட்’டை விட நல்ல வினை ஆங்கிலத்தில் இல்லை.

ஏஐ செயலியில் கொடுத்து மெருகேற்றிய மெயிலிலும் இதே கோளாறு வரலாம். சொல் சேர்க்கையை அது ஒழுங்காக்கிவிடும். ஆனால் ‘லெஃப்ட் தி பஸ்’ஸில் நீங்கள் என்ன சொல்ல வந்தீர்கள் என்பது அதற்குத் தெரியாது, தெரியாமலேயே அழகாக்கிவிடும். திரும்பி வந்ததை ஒரு முறை தமிழில் சொல்லிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

## எப்போது ஆளைக் கூப்பிடுவது

அன்றாட மெயிலுக்குத் தேவையில்லை. பக்கத்து நாற்காலிக்காரர் ஒரு தடவை படித்தால் போதும்.

ஒப்பந்தம், விசாவுக்கான கடிதம், பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் கட்டுரை, அச்சில் வரப்போகும் எதுவும் என்றால் காசு கொடுத்து எடிட்டரிடம் கொடுங்கள். ஒப்பந்தத்தில் வினை மாறினால் பொறுப்பு கைமாறிவிடும். அதை எடிட்டரோடு வக்கீலும் பார்க்க வேண்டும். எடிட்டர் வெள்ளைக்காரராக இருக்க வேண்டும் என்று தேடாதீர்கள். தமிழ் தெரிந்த நல்ல எடிட்டர் கிடைத்தால் அவர்தான் முதல் தேர்வு. ‘புட்’டைப் பார்த்ததும் அடியில் எந்தப் ‘போடு’ இருக்கிறது என்று அவரால் ஊகிக்க முடியும். மற்றவர் ஒவ்வொரு வரிக்கும் உங்களிடம் கேள்வி அனுப்புவார்.

ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு எழுதப் போகிறவர்கள் கணக்குக் கொஞ்சம் வேறு. எழுத்திலும் பேச்சிலும் மதிப்பெண்ணுக்கான நான்கு அளவுகோல்களில் ஒன்று சொல்வளம், 7ஆம் பேண்டுக்கான விளக்கத்திலேயே சொற்சேர்க்கை குறிப்பிடப்படுகிறது. மாதிரித் தேர்வுகளில் மற்ற மூன்றும் ஏறிச் சொல்வளம் மட்டும் அசையாமல் நின்றால், பொதுவான ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் பணம் கட்டாதீர்கள். நீங்கள் எழுதியதை வாங்கி வரி வரியாகத் திருத்திக் கொடுக்கிற ஆசிரியர்தான் வேண்டும். சேர்வதற்கு முன் உங்கள் கட்டுரை ஒன்றைத் திருத்தித் தரச் சொல்லுங்கள். வெறும் ‘குட்’, ‘இம்ப்ரூவ் வொக்காபுலரி’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்தால் அடுத்த இடம் பாருங்கள். பள்ளி ஆசிரியர்கள் என்றால் பெங்களூர் ஞானபாரதி வளாகத்தில் 1963 முதல் இயங்கும் தென்னிந்திய மண்டல ஆங்கில நிறுவனத்தில் விசாரிக்கலாம். தென் மாநிலங்களின் ஆங்கில ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பதே அதன் வேலை.

எடிட்டரிடம் கொடுக்கும்போது ஆங்கில வரைவோடு, நீங்கள் சொல்ல வந்ததைத் தமிழில் நாலு வரி எழுதிச் சேர்த்து அனுப்புங்கள்.